டன்னுக்கு ஒரு வாய்

கண் பொய் சொல்லும், காது பொய் சொல்லும், லாரி டிரைவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எடைமேடை மட்டும் பொய் சொல்லாது. இதுதான் எடையக்காவின் கட்சி. பதினொரு வருடமாக அந்தக் கட்சிக்குத் தலைவரும் அவள்தான், தொண்டரும் அவள்தான். நெடுஞ்சாலை ஊருக்குள் திரும்பும் முனையில் தரையோடு தரையாகப் பதித்த இரும்பு மேடையும், அதன் ஓரத்தில் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்க முடியாத அறையும் அவளுடைய ராஜ்ஜியம். லாரி மேடையில் ஏறும். கம்ப்யூட்டரில் எண் துடித்துத் துடித்து நிற்கும். சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்டுவாள். "ஒரு இருபது கிலோ முன்னப்பின்ன பாத்துப் போடுக்கா" என்று இளிப்பவனிடம், "பல்லை உள்ள வையி, அதுக்கும் சேத்து எடை காட்டுது" என்பாள்.

பிள்ளை பிறந்து மூன்று மாதம் முடிந்ததும் அவனையும் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டியில் பழைய போர்வையை மடித்துப் போட்டு அதில் கிடத்தினாள். ஹாரன் சத்தத்துக்கு அவன் அசைய மாட்டான். சத்தம் நின்றால்தான் விழித்துக்கொண்டு அழுவான். பெட்டிக்குள் ஒரு சாண் பிள்ளை கிடப்பதைப் பார்த்த டிரைவர்கள் அவனுக்கு டன் என்று பெயர் வைத்தார்கள். "டன் தூங்குறானா?" "டன்னுக்கு இன்னிக்கு எம்புட்டு எடைக்கா?" என்று வருகிறவன் போகிறவனெல்லாம் கேட்பான். முதலில் அவளும் சிரித்தாள். பிறகு அந்தக் கேள்வி வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏன் என்று சொல்வதற்கு முன் அவள் தொழிலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சரக்கு ஏற்றாத வெறும் வண்டியின் எடையை டிரைவர்கள் எம்ட்டி என்பார்கள். லோடோடு நிற்கும் எடையில் எம்ட்டியைக் கழித்தால் சரக்கின் எடை. தினமும் வருகிற வண்டியை ஒவ்வொரு தடவையும் காலியாக ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். அதனால் ஒரு முறை பார்த்த எம்ட்டியைக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்து, அதையே கழித்துக்கொண்டிருப்பார்கள். திருட்டு நுழைகிற ஓட்டையும் அதுதான். ஜல்லி லாரிக்காரர் ஒருவர், ஸ்டெப்னி டயரைக் கழற்றி வைத்துவிட்டு, டீசல் டாங்கியையும் வறள விட்டு எம்ட்டி போட்டார். அப்புறம் டயரும் டீசலும் தண்ணீர் டிரம்மும் ஜல்லிக் கணக்கில் விலை போயின. எடையக்கா எத்தனை நாளைக்கு ஏமாறுவாள்? ஒரு நாள் எட்டு வண்டி வரிசையில் நிற்கும்போது அவரை இறங்கச் சொல்லி நிற்க வைத்துவிட்டாள்.

"எம்ட்டிங்கறது என்ன, கல்லுல வெட்டி வச்சதா? அது அன்னன்னைக்கு மாறும்யா. இனிமே காலி வண்டியைக் காட்டாம உனக்கு சீட்டு கிடையாது."

அத்தனை பேரும் சிரித்தார்கள். ஜல்லிக்காரர் மூக்கறுபட்டு ஒரு மாதம் அவளிடம் பேசவே இல்லை.

இப்படிப்பட்டவளுக்குத்தான் அந்தச் சறுக்கல் வந்தது.

நான்கு வருடத்துக்கு முன் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. நாள் நிறையாமல், இரண்டு மாதம் முன்னாலேயே. பதினொரு நாள் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் பார்த்ததெல்லாம் குழந்தையைவிட அதன் தலைமாட்டில் தொங்கிய பலகையைத்தான். தினமும் காலையில் ஒரு வெள்ளைக் கோட்டு வந்து முந்தின நாள் எண்ணை அழித்துவிட்டு அதைவிடச் சின்ன எண் ஒன்றை எழுதும். பதினொன்றாம் நாள் எதுவும் எழுதவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு, எண் இறங்கினால் உயிர் இறங்குகிறது என்று நெஞ்சில் பதிந்துவிட்டது. யார் என்ன சொன்னாலும் அது போகாது.

டன் நிறைமாதப் பிள்ளை, நல்லபடியாகத்தான் பிறந்தான். மூன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போனபோது தெருக்கோடி கிளினிக்கில் சிஸ்டர் எடை பார்த்து அட்டையில் ஐந்து கிலோ தொள்ளாயிரம் என்று எழுதினார். அதற்கப்புறம் பல மாதத்துக்கு ஊசி இல்லை, ஆறாம் மாதம் ஒரு தடவை காட்டினால் போதும் என்றார். பல மாதம்! அதுவரை எண்ணைப் பார்க்காமல் எப்படி இருப்பது? கிளினிக்கில் போய் நிற்கவும் அவளுக்குத் தைரியம் இல்லை. இன்னொரு வெள்ளைக் கோட்டு இன்னொரு சின்ன எண்ணை எழுதுவதைப் பார்க்கிற தெம்பு அவளிடம் இல்லை. லாரி மேடையோ பத்துக் கிலோவுக்குக் கீழே ஒன்றும் காட்டாது. ஆகவே பக்கத்துப் பழைய பேப்பர் கடைக்குப் போனாள். அங்கே கட்டுக்கட்டாகப் பேப்பர் நிறுக்க ஒரு சின்ன மேடைத் தராசு உண்டு, நூறு கிராம் வரைக்கும் துல்லியம்.

பிள்ளையை மட்டும் அதில் கிடத்தினால் கையைக் காலை உதைத்து எண்ணை நிற்க விடாது. அதனால் லாரிக் கணக்கைப் போட்டாள். முதலில் பிள்ளையைப் பேப்பர் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் ஏறினாள். நாற்பத்து நாலு கிலோ எண்ணூறு. பிறகு பிள்ளையோடு. ஐம்பது கிலோ எழுநூறு. கழித்தால் ஐந்து தொள்ளாயிரம். சிஸ்டர் எழுதியதற்கு ஒரு பிசிறு கூட வித்தியாசம் இல்லை! எடையக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலை வேலைக்கு முன்னால், அதே புடவை, செருப்பில்லை, சாவிக்கொத்தில்லை, போனில்லை, பிள்ளைக்கு அதே மெல்லிய சட்டை. இதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பிள்ளையோடு ஏறுவாள், நாற்பத்து நாலு எண்ணூறைக் கழிப்பாள், அட்டையின் பின்பக்கத்தில் எழுதுவாள்.

இரண்டாம் வாரம் ஐந்து எண்ணூறு. சளி பிடித்திருந்தது, அதனால் இருக்கும் என்று நினைத்தாள். மூன்றாம் வாரம் ஐந்து ஐந்நூறு. நான்காம் வாரம் ஐந்து இருநூறு. அன்று பேப்பர் கடைக்காரரின் தராசையே சந்தேகப்பட்டு, தன் அறையிலிருந்து முத்திரை போட்ட ஐந்து கிலோப் படிக்கல்லை இடுப்பில் சுமந்துகொண்டு போய் வைத்துப் பார்த்தாள். தராசு ஐந்து கிலோ என்று அச்சுப் பிசகாமல் சொன்னது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தராசு கெட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

புருஷனிடம் சொன்னாள். அவர் சாலைக்கு எதிர்ப்பக்கம் டயர்க் கடை வைத்திருக்கிறார். கையெல்லாம் கறுப்பு, பிள்ளையைத் தொடுமுன் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவுகிற மனிதர்.

"பாத்தா நல்லாத்தானே இருக்கான். தொடையைப் பாரு, மடிப்பு மடிப்பா."

"உங்க கண்ணு சொல்லுது. மேடை வேற சொல்லுதே."

"போன வாரம் போட்ட சட்டை இந்த வாரம் பட்டன் பூட்டலயே?"

"துவைச்சதுல சுருங்கிருச்சு. மட்டமான துணி."

கண்ணெதிரே இருப்பதைப் பார்க்க மாட்டேன் என்று அடம் பிடிப்பவளிடம் யார் என்ன செய்ய முடியும்? அவள் ரவிக்கை தோளில் தொளதொளத்தது. பிள்ளை பெற்ற உடம்பு வற்றுகிறது, அவ்வளவுதான் என்று ஊக்கைத் தள்ளிக் குத்திக்கொண்டாள். கை வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. அதையும் பார்த்தாள், பார்த்தும் நினைக்கவில்லை. நினைப்பு முழுக்கப் பெட்டிக்குள் கிடந்தது.

மாடி வீட்டில் இருக்கும் நாத்தனார் மூன்று பெற்றவள். மனசு தங்கம், வாய்தான் கொஞ்சம் அகலம். சாயங்காலமானால் டன் ஒரு மணி நேரம் காரணமே இல்லாமல் வீறிடுவான். அதைக் கேட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

"ஏம்மா, உன் பாலு தண்ணியாப் போச்சு. புள்ள பசியில கத்துது, உனக்குப் புரியலயா?"

"சிஸ்டர் ஆறு மாசம் வரைக்கும் பால் மட்டும் போதும்னாங்க அண்ணி."

"சிஸ்டரா ராத்திரி முழிக்கப் போறாங்க? எங்க மூணையும் நாலு மாசத்துலயே ஊட்டிட்டேன். மூணும் மாடு மாதிரி இருக்குதுங்க."

பால் ஏன் தண்ணீராகப் போகிறது என்பதற்கு நாத்தனாரிடம் ஒரு பட்டியலும் இருந்தது. பருப்பு தின்றால் பிள்ளைக்கு வாயு. முட்டை தின்றால் உடம்பில் சிவப்பு. மீன் தின்றால் வயிற்றோட்டம். பழம் தின்றால் சளி. டன் கன்னத்தில் ஒரு பொரி தெரிந்தால் எடையக்கா முட்டையை விடுவாள்; ஒரு தும்மல் தும்மினால் பழத்தை விடுவாள். விட்டது எதையும் திரும்பத் தொடவில்லை. கடைசியில் அவள் தட்டில் மிஞ்சியது வெறும் சோறும் உப்பும். அதுவும் இரண்டு லாரிக்கு நடுவே, ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் சீட்டு. பாதி நாள் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவாள். பெற்ற பிள்ளை பட்டினி கிடக்கும்போது தனக்கு என்ன சோறு வேண்டிக்கிடக்கிறது என்று ஒரு வைராக்கியம் வேறு.

ஐந்தாம் வாரம் நான்கு தொள்ளாயிரம். அன்றைக்குத் துணிந்து கிளினிக்குக்குப் போன் போட்டாள். ஆனால் எடையைச் சொல்லவில்லை, வாய் வரவில்லை. "சோறு எப்ப ஊட்டலாம் சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

"மாசத்தை மட்டும் பாக்காதம்மா, புள்ளையப் பாரு. கழுத்து ஆடாம நிக்கணும். மடியில சாய்ச்சு வச்சா உக்காரணும். நீ சாப்பிடுறதைப் பாத்துக் கையை நீட்டணும், வாயைத் தொறக்கணும். கரண்டியை உள்ள வச்சா நாக்கால வெளிய தள்ளாம இருக்கணும். இதெல்லாம் வர்றதுக்கு ஏறக்குறைய ஆறு மாசம் ஆகும். ஏம்மா, ஏதாவது பிரச்சினையா? கூட்டிட்டு வாயேன்."

"ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்று வைத்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் பார்த்தாள். கழுத்து இன்னும் லேசாக ஆடியது. மடியில் சாய்த்தால் மூட்டை மாதிரி ஒரு பக்கம் சரிந்தான். கண்டதையும் வாயில் வைத்துச் சப்பினான், அவள் கை விரலையும்தான். ஆனால் அவள் தின்பதைப் பார்த்துக் கை நீட்டினானா என்று கேட்டால், அவள் எதைத் தின்றாள் அவன் பார்ப்பதற்கு?

ஆறாம் வாரத்து வெள்ளிக்கிழமை. டன்னுக்கு ஐந்து மாதம் முடியப் பத்து நாள் இருந்தது. பிள்ளையோடு ஏறினாள். நாற்பத்தொன்பது முந்நூறு. கழித்தாள். நான்கு கிலோ ஐந்நூறு.

பேப்பர் கடைக்காரர், "என்னம்மா, முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு?" என்றார். அவள் அட்டையின் பின்பக்கத்தில் எண்ணை எழுதினாள். ஐந்து, நாலு, அடுத்தது மூன்று. பலகையில் எழுதாத அந்தப் பதினொன்றாம் நாள் தன்னை நோக்கி நடந்து வருவது அவளுக்குத் தெரிந்தது. என் பால்தான் இவனைக் கொல்லுது என்று நினைத்தாள். முதல் பிள்ளை குறைமாதத்தில் பிறந்ததால் போனது; அதற்கு யாரும் பொறுப்பில்லை என்றார்கள். இதற்கு நான்தான் பொறுப்பு. என் மாரில் வாயை வைத்துக்கொண்டே என் பிள்ளை சாகிறான்.

மதியம் லாரி வரத்து குறைந்த நேரம். எதிர்க்கடையிலிருந்து புருஷனைக் கூப்பிட்டாள். ஒரு வாழைப்பழம் வாங்கி வரச் சொன்னாள். டம்ளரில் போட்டு விரலால் மசித்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

"சிஸ்டர் ஆறு மாசம்னு சொன்னாங்கல்ல?"

"ஆறு மாசம் வரைக்கும் அவன் இருக்கணுமே."

அந்த மனிதர் கையைக் கழுவிக்கொண்டு வந்து பிள்ளையை மடியில் சாய்த்துப் பிடித்தார். கரண்டி முனையில் துளி எடுத்து அவன் வாயில் வைத்தாள். டன் ஆச்சரியமாகப் பார்த்தான். நாக்கை நீட்டினான். பழம் முழுக்க மோவாயில் வழிந்தது. வழித்து மறுபடி வைத்தாள். மறுபடி தள்ளினான். மூன்றாம் தடவையும் தள்ளினான். அழவில்லை, சிணுங்கவில்லை, எனக்கு இது வேண்டாம் என்று தன்னால் முடிந்த ஒரே வழியில் சொல்லிக்கொண்டிருந்தான், பாவம்.

"தின்னுடா. தின்னுடா என் சாமி. ஒரு வாய். ஒரே ஒரு வாய்."

"விடும்மா, அவனுக்குத் தெரியல."

"தெரியலன்னா சாகட்டுமா?" என்று கத்தினாள். கரண்டி நிறைய எடுத்து, நாக்குக்கு எட்டாத தூரத்துக்கு, தொண்டை ஓரம் வரை தள்ளினாள்.

டன்னின் கண்கள் அகன்றன. வாய் திறந்தபடி நின்றது. சத்தம் இல்லை. ஹாரனுக்கும் லாரி உறுமலுக்கும் நடுவே வளர்ந்த பிள்ளை. அந்த அறையில் அப்படி ஓர் அமைதியை அவள் கேட்டதே இல்லை. முகம் சிவந்தது, சிவப்பு கறுக்க ஆரம்பித்தது. அவள் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே மரமாக நின்றுவிட்டாள். புருஷன்தான் பிள்ளையைத் தன் முழங்கை மேல் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, தோள்களுக்கு நடுவே உள்ளங்கையால் அறைந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதற்குப் பழக்கட்டி தரையில் விழுந்தது. ஒரு இழுப்பு. பிறகு அழுகை, கரகரத்த, கீறல் விழுந்த அழுகை.

ஜன்னலுக்கு வெளியே மேடை மேல் லோடோடு நின்றது ஜல்லி லாரி. சீட்டுக்குக் காத்திருந்த ஜல்லிக்காரர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார்.

"ஏறுக்கா" என்றார். லாரிக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, எண் திரையில் நிற்க, அறையைப் பூட்டாமல் எடையக்கா ஓடினாள். அத்தனை டன் ஜல்லியோடு அந்த லாரி சந்து சந்தாக நுழைந்து கிளினிக்குக்குப் போனது. வழியெல்லாம் அவள் பிள்ளையின் மூக்கில் கன்னத்தை வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டு, "நாலரைக் கிலோ, நாலரைக் கிலோ" என்று முனகிக்கொண்டிருந்தாள். புருஷன் அவள் முதுகில் கை வைத்திருந்தார். சோப்பு நுரை இன்னும் காயவில்லை.

டாக்டர் குழாயை வைத்து முன்னும் பின்னும் கேட்டார். நெஞ்சில் ஒன்றும் இறங்கவில்லை, ஒரு மணி நேரம் இங்கேயே இருக்கட்டும், பார்க்கலாம் என்றார். அதற்குள் டன் அழுகையை நிறுத்திவிட்டு அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடிக்கப் பார்த்தான். அப்போதுதான் எடையக்கா பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள்: வெள்ளிக்கிழமை, பேப்பர் கடை, ஐந்து தொள்ளாயிரத்திலிருந்து நாலு ஐந்நூறு வரை. பாக்கி எதையும் மறைக்கவில்லை. "நான் அவனைக் கொல்லப் பாத்தேன் சிஸ்டர். பாலாலயும் கொல்லப் பாத்தேன், பழத்தாலயும் கொல்லப் பாத்தேன்."

சிஸ்டர் பிள்ளையை வாங்கி, சட்டையோடே, தொட்டி வைத்த தராசில் கிடத்தினார். எண் நின்றது.

"ஆறு எண்ணூறு" என்றார்.

எடையக்கா எழுந்து வந்து பார்த்தாள். துக்கத்தில் இருந்தாலும் தொழில் விடுமா? "உங்க மெஷின் தப்பு" என்றாள்.

"போன மாசம்தான் ஆள் வந்து சரி பாத்துட்டுப் போனாங்க."

"எடை தெரிஞ்ச சாமான் ஏதாவது குடுங்க."

சிஸ்டர் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து பிரிக்காத குளுக்கோஸ் டப்பாக்கள் இரண்டை எடுத்து வைத்தார். எடையக்கா டப்பாக்களின் மேல் அச்சடித்திருந்ததைப் படித்தாள், திரையைப் பார்த்தாள். சரியாக இருந்தது. அப்படியென்றால் பேப்பர் கடைத் தராசு? அதைத்தான் படிக்கல் வைத்துப் பார்த்தாயிற்றே. இரண்டு தராசும் சரி, பிள்ளையும் ஒன்றுதான். இரண்டு கிலோ முந்நூறு எங்கே போனது?

"ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கிறான்?" என்று கேட்டார் சிஸ்டர்.

"ஏழெட்டு."

"பாலே இல்லாமயா அத்தனையும் வந்துச்சு? சாயங்காலம் அழுறதெல்லாம் பசி இல்லம்மா, இந்த வயசுல பாதிப் புள்ளைங்க அப்படித்தான் கத்தும். நீ இப்படி வா. இதுல ஏறு."

சுவரோரம் பெரியவர்களுக்கான தராசு இருந்தது. பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். அதே வெள்ளிக்கிழமைப் புடவைதான். எண் துடித்துத் துடித்து நின்றது.

நாற்பத்திரண்டு கிலோ ஐந்நூறு.

அவள் அதைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். நாற்பத்திரண்டு ஐந்நூறும் ஆறு எண்ணூறும் நாற்பத்தொன்பது முந்நூறு. காலையில் பேப்பர் கடை காட்டிய அதே எண், கிராம் பிசகாமல். எந்தத் தராசும் பொய் சொல்லவில்லை. ஆறு வாரமாகக் கரைந்துகொண்டிருந்தது அவள். பிள்ளை ஒவ்வொரு வாரமும் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறான். அவள் அதைவிட வேகமாக இறங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். தன்னிடமிருந்து போன ஒவ்வொரு கிராமையும் பிள்ளை தலையில் எழுதி, அந்தக் கணக்கை நம்பி அவன் தொண்டையில் கரண்டியைத் தள்ளியிருக்கிறாள்.

கதவருகே நின்ற ஜல்லிக்காரர் அவள் முகத்தையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு முதலில் புரிந்துவிட்டது. எட்டு வண்டிக்காரர்கள் முன்னால் அவர் கேட்ட பாடம் ஆயிற்றே. அன்றைக்குப் பட்டதைத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. ஆனால் அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"எம்ட்டி மாறிப்போச்சுக்கா."

எடையக்கா தராசை விட்டு இறங்கவில்லை. அதன் மேலேயே நின்று, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, இத்தனை வாரமாக உள்ளே அடைத்து வைத்திருந்ததையெல்லாம் அழுதாள். திரையில் எண் ஆடிக்கொண்டே இருந்தது. புருஷன் வந்து கையைப் பிடித்து இறக்கினார்.

"பக்கத்துலயே இருந்தேன். நான் உன்னைப் பாக்கவே இல்லயே" என்றார்.

சிஸ்டர் டன்னை மடியில் வைத்துச் சோதித்தார். பிடிமானம் கொடுத்தும் ஒரு பக்கம் சரிந்தான். சுத்தமான வெறும் கரண்டியை உதட்டில் வைத்ததும் நாக்கு அதைத் தள்ளிற்று. "பாத்தியா? இன்னும் ரெடி இல்ல. நாக்கு சும்மாத் தள்ளல, அது காவல். தயாரானதும் அதுவே வழி விடும். அப்பவும் அவன் வாங்குனா குடு, மூஞ்சியத் திருப்புனா விட்டுரு. உள்ள திணிக்கிற வேலையே கூடாது." பிறகு பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டுக் கேட்டார். "நீ கடைசியா வயிறாரச் சாப்பிட்டது எப்ப?"

எடையக்கா யோசித்தாள். எந்த லாரி எந்தத் தேதியில் எத்தனை டன் ஏற்றிப் போனது என்று கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பாள். இதற்கு மட்டும், பருப்பு கூடாது, முட்டை கூடாது, மீன் கூடாது என்று பட்டியலைச் சொல்ல ஆரம்பித்தாள். சிஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "எல்லாம் சாப்பிடலாம். நாலு பேர் சொன்னதுக்காக விட்டது எல்லாத்தையும் நாளையிலிருந்து திரும்ப ஆரம்பி. அடுத்த வெள்ளிக்கிழமை இங்க வா. ரெண்டு பேரையும் தனித்தனியா நிறுப்போம்."

ஜல்லிக்காரர் வெளியே போய் லாரியிலிருந்து தன் டப்பாவைக் கொண்டுவந்தார். சோறு, பருப்பு, பாதி வெட்டிய ஒரு முட்டை. மூடியைத் திறந்து பெஞ்சில் வைத்துவிட்டு, "என் வீட்டுக்காரி சமையல். உப்புக் கொஞ்சம் தூக்கலா இருக்கும். கழிச்சுக்கக்கா" என்றார்.

மடியில் பிள்ளை இருந்ததால் அவள் ஒரு கையால் பிசைந்தாள். முதல் கவளத்தை எடுத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தபடி இருந்தாள். வாய்க்குக் கொண்டுபோகவே பயமாக இருந்தது, ஏதோ அவனுடையதைத் தான் பிடுங்கித் தின்பதுபோல. புருஷன் அவள் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல உயர்த்தினார்.

"ஒரு வாய்" என்றார். "ஒரே ஒரு வாய்."

மதியம் அவள் கெஞ்சிய அதே வார்த்தை. அவள் வாயைத் திறந்தாள். அழுதுகொண்டே மென்றாள். டன் அண்ணாந்து அவள் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாய் மூடியே இருந்தது. அவள் இரண்டாவது கவளத்தை எடுத்தாள்.